‘பொறந்ததுலேர்ந்தே கண்ணுல பூ’: இதுக்கு எந்த கோட்?

பெங்களூரு அல்சூரிலோ சிவாஜி நகரிலோ ஒரு கண் ஓபிடி. பாட்டி பேரனை முன்னால் நிறுத்திச் சொல்கிறார்: “பொறந்ததுலேர்ந்தே கண்ணுல பூ விழுந்திருக்கு டாக்டர். கைக்குழந்தையா இருக்கப்ப கிரந்தி வேற வந்துச்சு.” டாக்டருக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான். நடுவில் நர்ஸ் மொழிபெயர்க்கிறார். சார்ட்டில் ஏறுவது இப்படி: ‘கன்ஜெனிட்டல் கேட்டராக்ட், ஹிஸ்டரி ஆஃப் சிபிலிஸ்.’ அதாவது பிறவிக் கண்புரை, முன்பு சிபிலிஸ்.

ஒரு வரியில் மூன்று தப்பு. பூ என்பது கருவிழியில் விழுந்த வெள்ளைத் தழும்பு. கேட்டராக்ட் என்றால் புரை, அது உள்ளே லென்ஸில் வருவது. ‘பொறந்ததுலேர்ந்தே’ என்று நம் வீடுகளில் சொன்னால் பல நேரம் ‘எனக்கு ஞாபகம் இருக்கறதுலேர்ந்து’ என்றுதான் அர்த்தம், பிரசவ அறையிலிருந்து என்றில்லை. மூன்றாவது, கிரந்தி. சித்த வைத்தியத்தில் அந்தச் சொல் மேகநோயையும், அதாவது பாலுறவில் தொற்றும் சிபிலிஸையும் குறிக்கும். ஆனால் பாட்டிமார் சொல்லும் செங்கிரந்தி, கருங்கிரந்தி எல்லாம் கைக்குழந்தைக்கு வரும் தோல் தடிப்பு, நிறமாற்றம். பாட்டி சிபிலிஸ் என்று சொல்லவே இல்லை.

ஆனால் அந்தப் பையனுக்கு உண்மையிலேயே தாயிடமிருந்து வந்த சிபிலிஸ் இருக்கலாம். அப்படி இருந்தால் அதை எப்படி எழுத வேண்டும், எந்த கோட் (நோய்க்கான எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு) போட வேண்டும், எங்கே சறுக்கும் என்பதுதான் இந்தப் பதிவு. எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் அமெரிக்க சார்ட் பார்க்கும் தமிழ் கோடர்களுக்கும், ஊருக்குள் மருத்துவமனை இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டு பேர் கையிலும் ஐசிடி-10 என்ற பெயரில்தான் நோய்க் கோடுகளின் புத்தகம் இருக்கிறது. ஆனால் அது ஒரே புத்தகம் இல்லை.

தொடங்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. தமிழில் எழுதினால் இரண்டு ‘பி’யும் ஒன்றாகிவிடும். ஃபோனில் சொல்வது மாதிரியே ‘பாம்பே பி’, ‘பீட்டர் பி’ என்று பிரித்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் அந்த ஒரு எழுத்து மாறினால் நோயின் கதையே மாறிவிடும்.

ஏ50.3: இங்கே செல்லும், அங்கே செல்லாது

தாயிடமிருந்து வரும் சிபிலிஸ் முழுவதும் ஏ50 என்ற வகைக்குள் இருக்கிறது. அதில் ஏ50.3 என்றால் காலந்தாழ்ந்து வெளிப்படும் கண் பாதிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-இல் இது நான்கு இலக்கத்தோடு முடிந்துவிடும். கண்ணில் எங்கே என்பதைச் சொல்ல, காரணத்துக்குக் குத்துவாள் (†) குறியோடு ஏ50.3, பக்கத்தில் நட்சத்திரக் (*) குறியோடு இன்னொரு கோட். கருவிழி அழற்சி என்றால் எச்19.2, வேறு கண் பாதிப்பு என்றால் எச்58.8. நட்சத்திரக் கோட் தனியாக நிற்காது, முதலிலும் வராது.

அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம்-இல் ஏ50.3 வெறும் தலைப்பு. அதை அப்படியே கிளெய்மில் போட்டால் முழுமையற்ற கோட் என்று திரும்பிவிடும். ஐந்தாவது இலக்கம் கட்டாயம்: ஏ50.30 குறிப்பிடப்படாதது, ஏ50.31 இன்டர்ஸ்டிஷியல் கெராடைட்டிஸ் (கருவிழியின் நடு அடுக்கில் அழற்சி), ஏ50.32 கோரியோரெட்டினைட்டிஸ் (விழித்திரையிலும் அதன் பின்னடுக்கிலும் அழற்சி), ஏ50.39 மற்றவை. இந்தக் கோடுக்குள்ளேயே காரணமும் இடமும் இரண்டும் அடங்கிவிட்டன. அதனால் ஏ50.31 போட்ட பிறகு பக்கத்தில் அதே கெராடைட்டிஸுக்கான எச்16.30 வரிசையைச் சேர்ப்பது ஒரே விஷயத்தை இரண்டு தடவை எண்ணுவது. உள்ளூர் கிளெய்மிலிருந்து அமெரிக்க சார்ட்டுக்கு மாறுகிறவர்கள், ஜோடி போட்ட பழக்கத்தில் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள். மறுபக்கம், அமெரிக்க சார்ட்டிலிருந்து வந்தவர் உள்ளூர் படிவத்தில் ஏ50.31 என்று எழுதுவார். உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது.

இன்னொன்று: ஏ50.31-இல் வலது, இடது கிடையாது. கோடில் இல்லை என்பதற்காக சார்ட்டிலும் எழுதாமல் விடும் பழக்கம் வந்துவிட்டது. பின்னால் தழும்புக்குக் கோட் போடும்போது எந்தக் கண் என்பது கண்டிப்பாக வேண்டும். அப்போது தேடினால் கிடைக்காது.

இரண்டு வயது என்ற எல்லை

ஏர்லி, லேட் என்ற பிரிவுக்கு எல்லை இரண்டு வயது. பிறந்து இரண்டு வருடத்துக்குள் நோய் வெளிப்பட்டால் ஏர்லி. கண் பாதிப்பு என்றால் ஏ50.01. இரண்டு வருடமோ அதற்குப் பின்னோ வெளிப்பட்டால் லேட், அங்கேதான் ஏ50.3 குடும்பம். கவனிக்க வேண்டியது ‘வெளிப்பட்ட’ என்ற சொல். இன்றைக்கு நோயாளிக்கு என்ன வயது என்பது கணக்கில் இல்லை. முப்பத்தைந்து வயதுக்காரருக்குத் தாய்வழி சிபிலிஸால் கருவிழி அழற்சி வந்து டாக்டர் அப்படியே எழுதியிருந்தால், ஏ50.31 போடத் தயங்க வேண்டியதில்லை. ‘கன்ஜெனிட்டல் என்றால் குழந்தைக்குத்தானே’ என்று சாஃப்ட்வேர் எச்சரிக்கை கொடுக்காமலேயே மனசுக்குள் எச்சரிக்கை கொடுத்துக்கொள்கிறோம்.

20 மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்ட விழித்திரை அழற்சிக்கு மூன்று வயதில் ஃபாலோ-அப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது லேட் ஆகிவிடாது. வெளிப்பட்டது இரண்டு வயதுக்குள். அதனால் டாக்டர் எழுத வேண்டியது ‘வயது 3’ மட்டுமல்ல. ‘முதலில் கவனித்தது எப்போது, யார் கவனித்தது’. பிறந்தநாள் விழா ஃபோட்டோ ஒன்றில் கண் தெளிவாக இருந்தால் அதையும் பார்த்ததாக எழுதலாம். ‘பொறந்ததுலேர்ந்தே’வை விட அந்த ஃபோட்டோ நம்பகமான சாட்சி.

இன்டர்ஸ்டிஷியல் கெராடைட்டிஸ் வழக்கமாக 5 முதல் 20 வயதுக்குள் தலைகாட்டும். கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போகும். ஒரு கண்ணில் தொடங்கி, சில வாரமோ மாதமோ கழித்து மறு கண்ணுக்கும் வருவது சகஜம். கருவிழிக்குள் ரத்தக்குழாய்கள் நுழைந்து சால்மன் நிறத் திட்டாகத் தெரியும். பிறகு ரத்தம் வற்றி வெறும் குழாய்த் தடம் மிஞ்சும். அதைத்தான் கோஸ்ட் வெசல்ஸ் என்று எழுதுகிறார்கள். இந்தச் சொற்கள் கோடருக்கு அலங்காரம் இல்லை. முதலாவது, நோய் இப்போது நடக்கிறது என்கிறது. இரண்டாவது, நடந்து முடிந்தது என்கிறது.

நடப்பதா, நடந்து முடிந்ததா

ஆடிட்டில் அதிகம் அடிவாங்கும் இடம் இது. டாக்டர் எழுதியிருப்பார்: ‘கன்ஜெனிட்டல் சிபிலிஸ், குழந்தையில் பென்சிலின் முழு கோர்ஸ் முடிந்தது. இப்போது வலது கண் கெராடைட்டிஸ், ஸ்டீராய்டு சொட்டு தொடங்கப்பட்டது.’ கோடர், சிகிச்சை முடிந்துவிட்டதே என்று இசட்86.19 போட்டு, பழைய தொற்று வரலாறு ஆக்கிவிடுவார். தப்பு. இந்தக் கெராடைட்டிஸ் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு செய்யும் கூத்து. பென்சிலின் கொடுத்த பிறகும் அது வரலாம், பென்சிலினால் ஆறுவதும் இல்லை. ஸ்டீராய்டு சொட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்றாலே கண் நோய் நடப்பில் இருக்கிறது. ஏ50.31தான்.

அழற்சி அடங்கி, வெள்ளைத் தழும்பு மட்டும் நிற்கிறது. பார்வை மங்கல் என்று வருகிறார். இப்போது எஞ்சிய விளைவுக்கு முதலிடம். நடுக் கருவிழித் தழும்பு வலது என்றால் எச்17.11, இடது எச்17.12, இரண்டும் எச்17.13. அதன் பின்னால் தொற்றின் பின்விளைவு என்று பாம்பே பி94.8. எச்17.10 என்று ‘எந்தக் கண் என்று தெரியாது’ போட்டால், கண் டாக்டரின் சார்ட்டில் அது வெட்கக்கேடு.

இரண்டும் கலந்து வந்தால்? வலது கண்ணில் அழற்சி நடக்கிறது, இடது கண்ணில் போன வருடத் தழும்பு. நான் ஏ50.31, கூடவே எச்17.12 போடுவேன், பாம்பே பி94.8-ஐ விட்டுவிடுவேன். நடப்பு நோயின் கோடையும் அதன் பின்விளைவு கோடையும் ஒன்றாகப் போடக் கூடாது என்பது பொது விதி. இரண்டு கண்ணாயிற்றே, போடலாமே என்று வாதிடுபவர்களும் உண்டு. வாதம் தப்பில்லை, ஆனால் கிளெய்ம் திரும்பி வந்தால் அந்த வாதத்தை எழுத்தில் எழுதிக்கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.

ஏ50.3-க்குள் அடங்காத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பார்வை நரம்பு வற்றிப்போனால் அது கண் பட்டியலில் இல்லை, நரம்பு மண்டலத்தின் கீழ் ஏ50.44. அடுத்தது ஹட்சின்சன் முக்கூட்டு: கருவிழி அழற்சி, நடுவில் பிளவுபட்ட ஆப்பு வடிவ முன்பற்கள், எட்டாவது நரம்புச் செவிட்டுத்தன்மை. மூன்றும் சேர்ந்து டாக்டர் அந்தப் பெயரை எழுதினால் அமெரிக்கப் பட்டியலில் ஏ50.53, உலகப் பட்டியலில் ஏ50.5. அதோடு ஏ50.3 வரிசையைச் சேர்க்க முடியாது, விலக்குக் குறிப்பு இருக்கிறது. பல்லும் கண்ணும் மட்டும் என்றால் முக்கூட்டு இல்லை, ஏ50.31, ஏ50.52 என்று தனித்தனியாக. மூன்றாவதை நாமே ஊகித்துச் சேர்க்க நமக்கு உரிமை இல்லை.

‘கன்ஜெனிட்டல்’ என்ற சொல்லை விட்டால் ஒரு வம்பு, போட்டால் ஒரு வம்பு

விட்டால் என்ன ஆகும் என்று முதலில். நான்கு வயதுப் பிள்ளை. டாக்டர் அவசரத்தில் ‘சிபிலிட்டிக் கோரியோரெட்டினைட்டிஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டார். கோட் புத்தகத்தின் இன்டெக்ஸ் அப்படியே ஏ52.71-க்கோ ஏ51.43-க்கோ கொண்டுபோய் விடும். இரண்டுமே பிறந்த பிறகு பெற்ற, அதாவது பாலுறவு வழி வந்த சிபிலிஸ். நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கோட் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க வேண்டிய விஷயம் அது. உண்மையில் அப்படி நடந்திருந்தால் டாக்டருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் வேறு, அதை மறைக்கவே கூடாது. ஆனால் கருவில் வந்த நோய்க்கு ஒரு சொல் விடுபட்டதால் அந்தக் கதை எழுதப்பட்டால், அந்தக் குடும்பத்தின் கதி என்ன? பிள்ளையின் சார்ட்டில் ஏ51, ஏ52, ஏ53 எது வந்தாலும் கோடர் கையை எடுத்துவிட்டு டாக்டருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி) போட வேண்டும்.

இனி, போட்டால் வரும் வம்பு. இது பெங்களூரு டிபிஏ (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்ம் பரிசீலிக்கும் நிறுவனம்) மேஜைகளில் நடப்பது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கன்ஜெனிட்டல்’ என்று பார்த்ததும் மறுமுனையில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி: ‘இன்டர்னலா, எக்ஸ்டர்னலா?’ பாலிசிகளில் உள்ள பிறவிக் குறைபாடு விலக்கு அவர் மனதில் ஓடுகிறது. வெளியே தெரிகிற பிறவிக் குறைபாட்டுக்குப் பல பாலிசிகளில் பணம் கிடையாது. கருவிழி வெள்ளையோ கண்ணாடி முன் நின்றாலே தெரியும். ‘எக்ஸ்டர்னல்’ என்று முத்திரை குத்தினால் முடிந்தது கதை.

இதற்குப் பதில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறையிலேயே இருக்கிறது. பிறவிக் குறைபாடு என்றால் உருவத்திலோ, அமைப்பிலோ, இருக்கும் இடத்திலோ பிறந்ததிலிருந்தே உள்ள மாறுபாடு. தொற்று இதில் எதுவும் இல்லை. எட்டு வயதில் தொடங்கிய கெராடைட்டிஸ் பிறக்கும்போது இருக்கவே இல்லை. ஐசிடி-10-இலும் பிறவிக் குறைபாடுகளுக்கு க்யூ எழுத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. ஏ50 இருப்பது தொற்றுநோய் அத்தியாயத்தில். தமிழில் ‘பிறவி’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆகவே சம்மரியில் டாக்டர் இப்படி எழுதினால் நல்லது: ‘தாயிடமிருந்து கருவில் தொற்றிய சிபிலிஸின் காரணமாக 8 வயதில் தொடங்கிய வலது கண் இன்டர்ஸ்டிஷியல் கெராடைட்டிஸ், நடப்பில் உள்ளது, பிறவி அமைப்புக் குறைபாடு அல்ல.’ சொல்வதை இங்கிலீஷில் சொல்லுங்கள், ஆனால் இந்த ஐந்து விவரமும் இருக்கட்டும்: வழி, காரணம், தொடங்கிய வயது, எந்தக் கண்ணில் எந்தப் பகுதி, நடப்பா தழும்பா. கிளெய்ம் படிவத்தின் இரண்டாம் பகுதியில் முதன்மை நோய்க்கான ஐசிடி கட்டத்தில் ஏ50.3, கூடுதல் நோய்க் கட்டத்தில் எச்19.2. சில இடங்களில் கட்டத்தை நிரப்புகிறவர் ‘கண் கேஸ்’ என்று எச்19.2-ஐ மேலே போட்டுவிடுகிறார். நட்சத்திரக் கோட் மேலே ஏறக் கூடாது.

பணத்தை விடப் பெரிய இன்னொன்று உண்டு. பிள்ளையின் பில்லில் ஏ50 இருந்தால், அது பெற்றோரின் நோயையும் சேர்த்துச் சொல்கிறது. சம்மரியை வாங்க மாமனார் வருவார், சித்தப்பா வருவார். அம்மாவிடம் தனியாகச் சொல்லி, யார் கையில் கொடுப்பது என்று கேட்டு, கவரில் போட்டுக் கொடுப்பது கோடிங் வேலை இல்லைதான். ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பதன் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அந்த மேஜையில் நாமாக இருப்போம்.

லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து கோட் போடாதீர்கள்

விடிஆர்எல் (சிபிலிஸுக்கான ஒரு ரத்தப் பரிசோதனை) ரியாக்டிவ் என்று பார்த்த கை சும்மா இருக்காது. இன்டெக்ஸில் தேடினால் சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் ஏ53.0 என்று வரும். அதையும் டாக்டர் எழுதினால்தான் போடலாம். காரணம் சும்மா சம்பிரதாயம் இல்லை; கைக்குழந்தையின் ரத்தத்தில் இருப்பது தாயின் ஆன்டிபாடியாக இருக்கலாம். அது நஞ்சுக்கொடி வழியாக வந்து, விடிஆர்எல் அளவில் 3 மாதத்தில் குறையத் தொடங்கி 6 மாதத்தில் மறைய வேண்டும். சிபிலிஸ் கிருமிக்கே எதிரான ஆன்டிபாடியைத் தேடும் டிபிஎச்ஏ போன்ற ட்ரெப்போனீமல் சோதனையில் 15 மாதம் வரைகூட நீடிக்கலாம். 18 மாதத்துக்குப் பிறகும் அது ரியாக்டிவ் என்றால் பிள்ளைக்குத் தொற்று இருந்தது என்று அர்த்தம்.

பிறந்த குழந்தையில் பார்க்க வேண்டியது டைட்டர் (ஆன்டிபாடி எவ்வளவு என்று காட்டும் எண்). தாய்க்கு 1:8, குழந்தைக்கு 1:32 என்றால் நான்கு மடங்கு, அர்த்தமுள்ள வித்தியாசம். தாய்க்கு 1:8, குழந்தைக்கு 1:16 என்றால் சோதனையின் தள்ளாட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒப்பிடும்போது இருவருக்கும் ஒரே வகைச் சோதனை வேண்டும். தாய்க்கு ஆர்பிஆர், பிள்ளைக்கு விடிஆர்எல் என்று எடுத்து ஒப்பிடக் கூடாது. தொப்புள்கொடி ரத்தமும் வேண்டாம், தாயின் ரத்தம் கலந்திருக்கும். சார்ட்டில் ‘விடிஆர்எல் பாசிட்டிவ்’ என்று மட்டும் இருந்தால் அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. எண், தேதி, சோதனையின் பெயர் மூன்றும் வேண்டும்.

அமெரிக்க ஓபி சார்ட்டில் ‘ப்ராபபிள்’, ‘சஸ்பெக்டட்’, ‘ரூல் அவுட்’ எதுவும் கோட் ஆகாது. ‘இன்டர்ஸ்டிஷியல் கெராடைட்டிஸ், கன்ஜெனிட்டல் சிபிலிஸ் சந்தேகம்’ என்றால் எச்16.30 வரிசையில் கண்ணைக் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்நோயாளியாக இருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போதும் டாக்டர் ‘ப்ராபபிள்’ என்றே முடித்திருந்தால், அங்கே உறுதியானது போலவே கோட் போடலாம். தாய்க்கு நோய் இருந்தது, குழந்தையைக் கவனித்துப் பார்த்து இல்லை என்று முடிவு செய்தார்கள் என்றால் இசட்05.1.

தாய்வீட்டுப் பிரசவம் என்ற ஓட்டை

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இது. பெண் பெங்களூரில் குடித்தனம். முதல் சில மாத செக்-அப் இங்கே, கர்நாடகாவின் தாயி கார்டில் (கர்ப்பிணிகளுக்கான அட்டை) பதிவாகிறது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு, வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போகிறாள். அங்கே பிக்மி நம்பர் (தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கி, மீதி செக்-அப்பும் பிரசவமும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புகிறாள். குழந்தையின் கண்ணைப் பார்க்கும் பெங்களூரு டாக்டரிடம் இருப்பது ஒரு தடுப்பூசி அட்டை மட்டும். தாயின் விடிஆர்எல் ஒரு மாநிலத்தில், பென்சிலின் ஊசி இன்னொரு மாநிலத்தில்.

அதோடு பேர் பிரச்சினை. பிரசவ ரெக்கார்டில் குழந்தைக்குப் பேர் இல்லை, ‘இன்னாரின் குழந்தை’தான். இரட்டைப் பிள்ளைகள் என்றால் ஒன்று, இரண்டு. பிறகு பேர் வைத்து, அப்பாவின் இனிஷியல் சேர்த்து, புது ஆஸ்பத்திரியில் புது நம்பர். பழைய ரெக்கார்டைத் தேடும்போது தாயின் பேர், பிக்மி நம்பர், பிரசவ தேதி மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் பேரை வைத்துத் தேடினால் கிடைக்காது.

அந்த ரெக்கார்டிலிருந்து வேண்டியவை: தாயின் டைட்டர், சிகிச்சைக்கு முன்னும் பின்னும், கொடுத்த மருந்து, அளவு, தேதி. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பே சிகிச்சை தொடங்கியதா என்பது குழந்தையை எப்படி அணுகுவது என்பதையே மாற்றும். பென்சிலின் அல்லாத வேறு மருந்து கொடுத்திருந்தால், கருவில் உள்ள குழந்தைக்கு அது போதுமான சிகிச்சையாகக் கணக்கில் வராது. ‘தாய் சிகிச்சை பெற்றார்’ என்ற ஒரு வரியில் இதெல்லாம் காணாமல் போகிறது. கேட்கும்போது மாமியார் பக்கத்தில் இல்லாமல் கேளுங்கள். பக்கத்தில் இருந்தால் வரும் பதில் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’.

குழந்தைக்குச் சிகிச்சை கொடுத்த சார்ட்டில் மருந்துக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 3 கிலோ குழந்தை, பிறந்த மூன்றாம் நாள் கிரிஸ்டலைன் பென்சிலின் தொடங்குகிறது. கிலோவுக்கு 50,000 யூனிட், ஆக ஒரு தடவைக்கு ஒன்றரை லட்சம். வயது 7 நாள் ஆகும்வரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 10 நாள். முதல் ஐந்து நாளில் 10 ஊசி, அடுத்த ஐந்து நாளில் 15, ஆக 25. நர்ஸ் பதிவேட்டில் 25 கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் விட்டுப்போனால் முழு கோர்ஸையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது சிகிச்சை விதி. அதனால் ஞாயிற்றுக்கிழமை எழுத மறந்த கட்டம், ஆடிட்டருக்கு முடிக்காத சிகிச்சையாகத்தான் தெரியும்.

இதே மாதிரி தெரியும் மற்றவை

விழித்திரையில் உப்பும் மிளகும் தூவினாற்போல் இருந்தால் சிபிலிஸாக இருக்கலாம், ருபெல்லாவாகவும் இருக்கலாம். அந்த வர்ணனையை மட்டும் வைத்து எதையும் கோட் போட முடியாது.

தாயிடமிருந்து வந்த ருபெல்லாவுக்கு பீட்டர் பி35.0. அதன் புரைக்கு க்யூ12.0-ஐயும் சேர்க்க வேண்டியிருக்கும், அப்போது டிபிஏ மேஜையில் ‘தொற்று, குறைபாடு அல்ல’ என்ற வாதம் கொஞ்சம் நொண்டும். பீட்டர் பி35.0 மேலே இருந்தால்தான் தாங்கும். நம் இரண்டு மாநிலமும் 2017 பிப்ரவரியில் மீசில்ஸ்-ருபெல்லா தடுப்பூசி இயக்கத்தை முதல் கட்டத்திலேயே தொடங்கியவை. ஆனால் தாய் அதற்கு முன்பே பள்ளி வயதைத் தாண்டியிருந்தால் அந்த ஊசி அவளுக்குப் போயிருக்காது.

டாக்ஸோப்ளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்று கொஞ்சம் வேடிக்கையானது. கருவில் வந்தது என்றால் பீட்டர் பி37.1, அதன் பின்னால் விழித்திரைக்கு எச்32. பிறகு வந்தது என்றால் பாம்பே பி58.01, அதோடு எச்32 கூடாது. 25 வயதுக்காரருக்குப் பழைய தழும்பின் ஓரத்தில் புது அழற்சி வந்தால், எது என்று டாக்டர் சொல்லியே ஆக வேண்டும். பிறந்த காலத்தில் தொடங்கிய நோய் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தால் பீட்டர் பி வரிசையை எந்த வயதிலும் போடலாம், 25 வயது தடையில்லை. விழித்திரையின் மையமான மாக்குலாவில் வெறும் ஆறிய தழும்பு என்றால் எச்31.01 வரிசை, கண்ணைக் குறிப்பிட்டு. சிஎம்வி (சைட்டோமெகலோவைரஸ்) என்றால் பீட்டர் பி35.1. அங்கே தேதிதான் எல்லாம்: பிறந்த 21 நாளுக்குள் எடுத்த சிறுநீரிலோ எச்சிலிலோ வைரஸ் இருந்தால்தான் கருவில் வந்தது என்று சொல்ல முடியும். அதற்குப் பிறகு எடுத்த மாதிரியை வைத்து, பிறந்த பின் தொற்றியதா என்று பிரிக்க முடியாது.

பிறந்த சில நாளில் கண் பீளை கட்டுவது இந்தக் கூட்டத்தில் சேராது. அது பிரசவ வழியில் ஒட்டுவது. பீட்டர் பி39.1; கிளமிடியாவும் அதற்குள்தான். கொனோரியா என்றால் மட்டும் ஏ54.31.

குவெரி எழுதும்போது

‘இது கன்ஜெனிட்டல் சிபிலிஸ்தானே டாக்டர்?’ என்று கேட்டால் அது கேள்வி இல்லை, பதிலை வாயில் ஊட்டுவது. சார்ட்டில் இருப்பதை முதலில் வையுங்கள்: ‘வயது 9. இரு கண்ணிலும் கருவிழி ஆழத்தில் ரத்தக்குழாய், வலதில் நடப்பு அழற்சி. டிபிஎச்ஏ ரியாக்டிவ், விடிஆர்எல் 1:4. தாயின் ஆன்டிநேட்டல் ரெக்கார்டில் விடிஆர்எல் 1:32.’ பிறகு: ‘கெராடைட்டிஸின் காரணத்தைக் குறிப்பிடவும்.’ கீழே தேர்வுகள்: தாய்வழி சிபிலிஸ், பிறகு பெற்ற சிபிலிஸ், ஹெர்பெஸ், காசநோய், வேறு (எழுதவும்), இப்போது தீர்மானிக்க இயலவில்லை. காசநோயை நம் ஊர் சார்ட்டில் விடவே கூடாது. கருவிழியில் அதற்கென்றே ஏ18.52 இருக்கிறது. கோட் நம்பரையோ, எதைத் தேர்ந்தால் எவ்வளவு பணம் என்பதையோ குவெரியில் எழுதக் கூடாது.

பதில் ஃபோனில் வந்தால் போதாது. சார்ட்டில் அடெண்டமாக (பின்னால் சேர்க்கும் குறிப்பு), தேதியும் கையெழுத்தும் சேர்த்து வர வேண்டும். பில் போன பிறகு வரும் அடெண்டத்தை ஆடிட்டர் முறைத்துப் பார்ப்பார்.

அமெரிக்க சார்ட்டுக்கான செய்முறைக் கோடுகளில் (சிபிடி) பெரிய சிக்கல் இல்லை. விடிஆர்எல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் 86592, டைட்டர் எடுத்தால் 86593, ட்ரெப்போனீமல் சோதனைக்கு 86780. சின்னப் பிள்ளையை மயக்கம் கொடுத்து முழுமையாகக் கண் பரிசோதித்தால் 92018. விழித்திரை ஃபோட்டோ 92250-ஐயும், படம் வரைந்து பார்க்கும் 92201-ஐயும் ஒரே நாளில் சேர்த்துப் போட முடியாது. கருவிழி மாற்று அறுவை வரை போனால், முழுத் தடிமன் என்றால் 65730. ஆனால் அந்தக் கண்ணில் லென்ஸ் எடுத்திருந்தால் 65750, செயற்கை லென்ஸ் இருந்தால் 65755. அறுவைக் குறிப்பில் லென்ஸ் நிலை எழுதாமல் வந்தால், தேதி பார்த்து முந்தைய ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) குறிப்பைத் திறந்து பாருங்கள். அதிலும் இல்லையென்றால் இன்னொரு குவெரி.